அப்பத்தாவின் பின்பாட்டு

பக்கவாதத்தில் அப்பத்தாவுக்கு வலது கையும் காலும் விழுந்தபோது கூடவே பேச்சும் போய்விட்டது. நாங்கள் சொல்வதெல்லாம் புரியும். பதில் சொல்ல வாயைத் திறந்தால் "அது... அது..." தாண்டி எதுவும் வராது. தண்ணீர் கேட்க முடியாமல் சொம்பைக் காட்டிக் காட்டி அழுவாள்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது மாத்திரை சொன்னார்கள், கை கால் பயிற்சி சொன்னார்கள். பேச்சுக்கு? "மெல்ல வரும்", அவ்வளவுதான்.

ஒரு சாயங்காலம் சித்தி புளியில் கொட்டை எடுத்துக்கொண்டே பழைய நடவுப்பாட்டு ஒன்றை முணுமுணுத்தாள். எங்கள் மன்னார்குடிப் பக்கம் நடவில் ஒருத்தி அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுவார்கள். அன்றைக்குப் பின்பாட்டு கட்டிலில் இருந்து வந்தது. இரண்டு அடி, ஒரு சொல் பிசகாமல். சித்தி ஓடிப்போய், "அத்தை, தண்ணி வேணுமா?" என்றாள். மறுபடியும் "அது... அது...".

அதிசயம் என்றே நினைத்தோம். பேச்சிழந்த ஒருவர் தேவாலயப் பாட்டுகளை மட்டும் பாடியதை 1745-லேயே சுவீடனில் ஒலோஃப் டாலின் என்பவர் பதிவு செய்திருக்கிறார். பெரும்பாலோருக்குப் பேச்சு மூளையின் இடப்பக்கத்தை நம்பி இருக்கிறது. பாட்டுக்கு வலப்பக்கமும் கைகொடுக்கிறது. 1973-இல் பாஸ்டனில் இதை ஒரு சிகிச்சையாகவே வகுத்தார்கள். "தண்ணி வேணும்" போன்ற அன்றாடப் பேச்சை இரண்டே சுரத்தில் இழுத்துப் பாட வைப்பது, ஒவ்வொரு அசைக்கும் நோயாளியின் இடது கையால் தட்ட வைப்பது, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ராகத்தைக் கழற்றிவிடுவது. 2011-இல் தலையில் குண்டு பாய்ந்த அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் கேபி கிஃபோர்ட்ஸ் திரும்பப் பேசப் பழகியதிலும் பாட்டுக்குப் பங்கு உண்டு.

எல்லோருக்கும் இது பலிக்காது. புரிதல் கெடாமல் பேச்சு மட்டும் நின்றவர்களுக்குத்தான் அதிகம் பொருந்தும், அதுவும் ஸ்பீச் தெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்துச் செய்ய வேண்டும். சரி, அப்படி ஒருவரைப் பாருங்கள் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வரி எழுதியிருக்கலாமே! எங்களுக்கு நான்கு மாதம் போனது. வீட்டில் இப்படி யாராவது இருந்தால் இன்றைக்கே கேளுங்கள். அதுவரை அவர்கள் எதிரில் மௌனமாக உட்காராதீர்கள், அவர்களுக்குத் தெரிந்த பாட்டைப் பாடுங்கள்.

இப்போது அப்பத்தா கதை சொல்கிறாள். கல்யாணமான வருஷம் நடவில் மூக்குத்தியைத் தொலைத்த கதை. இடது கை தொடையில் தட்டிக்கொண்டே இருக்கும். "மூக்குத்தி... சேத்துல... மாமியா..." என்று வந்து நிற்கும். சித்தி அடியெடுத்துக் கொடுப்பாள். நேற்று ஒரே ஒரு சொல்லுக்காக எட்டு முறை தட்டினாள்.

"கெடச்சுது."