மெட்டு முதலில், சொல் அப்புறம்

போன் ஐவர் (Bon Iver) என்ற அமெரிக்க இசைக்குழுவின் முதல் ஆல்பத்தில் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு காதல் முறிவுச் சம்பவம் ஒளிந்திருக்கிறது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு இது ஒப்பவில்லை. குழுவின் பாடகர் ஜஸ்டின் வெர்னான் அந்தப் பாடல்களை 2006-07 குளிர்காலத்தில், விஸ்கான்சின் மாநிலத்தில் அப்பாவின் மரக்குடிலில் தனியாக இருந்து பதிவுசெய்தார். முதலில் சொல்லே இல்லாமல் தத்தகாரமாக மெட்டைப் பாடி வைத்தார். அப்புறம் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அசைகளின் ஓசைக்கு ஏற்ற சொற்களை எழுதினார். சரி, பிரிவின் வலி பாடல்களில் இல்லையா? நிறையவே இருக்கிறது. ஆனால் ஒற்றை வரியைப் பிடுங்கி அகராதியைப் புரட்டினால் அது கையில் சிக்காது. பொய்க்குரலில் (ஃபால்செட்டோ, இயல்பைவிட உயர்ந்த மெல்லிய குரல்), ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய அவர் குரல் மேலேறி ஓர் உயிரெழுத்தை இழுத்துப் பிடிக்கிறதே, எனக்குத் தொண்டை அடைப்பது அங்கேதான். கட்டுரையாளர் வரிகளை ஒருமுறை மூடிவைத்துவிட்டு அந்த இடத்தைக் கேட்க வேண்டும்.