அக்காவின் பந்துக்குக் கைதட்டியவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை லான் பௌல்ஸ் ஆட்டத்தின் வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அக்கா பந்தை மாற்றிப் பிடித்துவிட்டார். அது இலக்காக வைக்கும் சின்னப் பந்தான ஜேக்கை நோக்கி வளையாமல் எதிர்ப்பக்கம் வளைந்து பக்கத்துத் தடத்துக்குள் போய்விட்டது. எதிரணி கைதட்டிச் சிரித்தது. ஒருவர் அதற்குப் பாட்டுச் சேர்த்து வாட்சாப்பில் விட்டார்.

எதிராளியின் தவறுக்குக் கைதட்டக்கூடாது. லான் பௌல்ஸ் ஆடவரும் யாருக்கும் முதல் நாளே சொல்லித்தருவது இது.

"சும்மா விளையாட்டுக்குத்தானே" என்கிறார்கள். யாருக்கு விளையாட்டு? பந்தின் பக்கவாட்டில் உள்ள சின்ன வட்டத்தைப் பார்த்துத்தான் அது எந்தப் பக்கம் வளையும் என்று கணக்குப் போடுகிறோம். வெயிலில், அவசரத்தில், யாருக்கும் மாறும். கைதட்டியவர்களுக்கும் மாறியிருக்கிறது. அவர்கள் மாற்றிப் போட்ட அன்றைக்கு அக்கா சிரிக்கவில்லை.

எனக்கு இந்த ஆட்டத்தைக் கற்றுத்தந்தவர் ஒரு மலாய்க்காரப் பெரியவர். பாக்சிக், அதாவது மாமா, என்றுதான் கூப்பிடுவோம். எதிராளி பந்து போட நிற்கும் பாயில் ஏறியதும் பேச்சை நிறுத்துவார். தன் நிழல் ஜேக் மேல் விழுந்தால் தள்ளி நிற்பார். அளந்து முடித்து இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்ளும்வரை ஒரு பந்தையும் தொடமாட்டார். எதிராளி நல்ல பந்து போட்டால் முதலில் "பகுஸ்!" (அருமை) என்பது அவர் குரல்தான். அவரிடம் தோற்றுவிட்டுப் போன நாளிலும் எனக்கு மனசு நிறைந்துதான் இருந்தது.

"பூப்பந்தில் கத்துவதில்லையா?" என்று ஒருவர் கேட்டார். சரி, கத்துகிறார்கள். அது பார்க்க வந்த கூட்டம். இங்கே சிரித்தது கூடவே ஆடியவர்கள். ஆட்டம் முடிந்து கைகுலுக்க வேண்டியவர்கள்.

"போட்டி என்றால் ஜெயிக்க வேண்டாமா?" தாராளமாக ஜெயியுங்கள். நம் மலேசிய வீராங்கனை சித்தி ஸலினா 2006இல் மெல்பர்ன் காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கம் வாங்கினார். பந்து ஜேக் பக்கத்தில் நின்றால்தான் புள்ளி. சிரிப்புக்குப் புள்ளி கிடையாது.

1998இல் கோலாலம்பூர் புக்கிட் கியாராவில் காமன்வெல்த் பௌல்ஸ் நடந்த ஊர் இது. ஆனாலும் புல்தரையில் நம் பெண்களை எத்தனை பேர் பார்க்கிறீர்கள்? "பேரப்பிள்ளை தூக்குற வயசுல இது எதுக்கு?" என்று சொந்தக்காரர்கள் கேட்டதை எல்லாம் தாண்டித்தான் அக்கா ஆட வந்தார். இப்போது அதே சொந்தக்காரர்களின் கைப்பேசியில் அந்த வீடியோ ஓடுகிறது. இது எனக்கு வலிக்கிறது. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வீடியோவை நீக்குங்கள். அப்புறம் அக்காவுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேளுங்கள். அணித்தலைவர் முதலில் கேட்கட்டும். அவரும்தான் சிரித்தார்.