வேப்பங்கிளைக்குப் பின்னால் ஒரு போர்டு

அம்மாவைக் கண் டாக்டரிடம் காட்ட பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாகப் பாலக்காட்டுக்குப் போயிருந்தோம். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பார்க்கிங். வாசலில் பெரிய எழுத்தில் 30 ரூபாய் என்று மட்டும் இருந்தது, அதை நம்பி காரை விட்டேன். மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தால் 350 ரூபாய் கேட்கிறார்கள்! இரண்டு மணி நேரம் தாண்டினால் அபராதமாம். எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டால், "எழுதி வெச்சிட்டுண்டல்லோ சேட்டா" என்று உள்ளே கை காட்டுகிறார் ஒருவர். போய்ப் பார்த்தேன். வேப்பங்கிளை பாதியை மறைத்த பலகை, அதில் விரல்நகம் அளவு எழுத்து, அதுவும் மலையாளத்தில் மட்டும். பாதி வண்டிகள் தமிழ்நாட்டு நம்பர் நிற்கிற ஊரில் ஒரு வரி தமிழில் எழுதினால் என்ன குறைந்துவிடும்?

அம்மா கண்ணில் மருந்து விட்டு வெயிலில் நின்றதால் பணத்தைக் கட்டிவிட்டேன். ஆனால் ரசீதையும் பலகையையும் வாசலிலிருந்து தெரிகிற காட்சியையும் போட்டோ எடுத்துக்கொண்டேன். பார்க்கிங் நடத்துகிறவர்களுக்கு மேல்முறையீடாக ஒரு கடிதம் அனுப்பினேன், "விதிப்படி வசூலித்தோம்" என்று ஒற்றை வரி பதில். எந்த விதி? உள்ளே போவதற்கு முன் வாடிக்கையாளர் கண்ணில் படாத விதி எப்படி என்னைக் கட்டுப்படுத்தும்?

சரி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதிந்துவிட்டேன். அதிலும் தீராவிட்டால் நுகர்வோர் ஆணையம்தான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு வருடம் அவகாசம் உண்டு, அதனால் பாலக்காட்டுக்கு அலைய வேண்டியதில்லை, கோயம்புத்தூரிலேயே போடுவேன். அடுத்த மாதம் அம்மாவை மறுபடி அங்கே கூட்டிப்போக வேண்டும், பஸ்ஸில்தான் போகப்போகிறோம்.