யார் வீட்டுக் கதிர்?

செப்டம்பர் 22ஆம் தேதி, பகலும் இரவும் சமமாக வருகிற நாளில், அலுவலகத் தோழி ஒருத்தி வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். நாங்கள் இருப்பது அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தில். ஊர் எல்லையைத் தாண்டினால் சாலைக்கு இரண்டு பக்கமும் மக்காச்சோளம்தான், ஆள் உயரத்துக்கு மேல் காய்ந்து நின்று அறுவடை மிஷினுக்குக் காத்திருக்கும்.

தோழி தன்னை ‘விட்ச்’ என்று சொல்லிக்கொள்பவள். உடனே எலுமிச்சம்பழத்தையும் ஊசி குத்திய பொம்மையையும் நினைக்க வேண்டாம். நம்மூர் செய்வினை, சூனியம் எல்லாம் வேறு. இது விக்கா என்ற மதம்; பருவங்களையும் நிலாவையும் கும்பிடுகிறவர்கள். வருடத்துக்கு எட்டுப் பண்டிகை. அதில் இந்த இலையுதிர்காலப் பண்டிகைக்கு மேபன் என்று பெயர்.

கூடத்தில் ஒரு மேசை. ஆப்பிள், குட்டிப் பூசணிக்காய், மெழுகுவர்த்தி, நடுவில் மூன்று கதிர்கள். நீங்கள் பீச்சில் வாங்கித் தின்கிற மஞ்சள் கதிர் இல்லை. கருஞ்சிவப்பு, நீலம், வெள்ளை என்று ஒரே கதிரில் முத்துக்கு முத்து நிறம் மாறுகிற ரகம். மேல்தோலைப் பின்னால் உரித்து ஜடை போலப் பின்னியிருந்தாள். சாப்பாட்டுக்கு முன்னால் ஆளுக்கொரு காய்ந்த தோல் கொடுத்தார்கள். எதை விட்டொழிக்க வேண்டுமோ அதை அதில் எழுதி, கொல்லைப்புறத்தில் ஒரு இரும்புச் சட்டியில் போட்டுக் கொளுத்த வேண்டும். நானும் ஒன்று எழுதினேன் (என்னவென்று சொல்ல மாட்டேன்). காய்ந்த தோல் ‘சர்’ரென்று பிடித்து, ஒரு நொடி சுருண்டு, கறுப்பு நாராக நின்று உதிர்ந்தது. எனக்கு நிஜமாகவே பிடித்திருந்தது.

அப்புறம் தோழி சொன்னாள்: “ஐரோப்பாவில் எங்கள் முன்னோர் இரண்டாயிரம் வருடமாக இப்படித்தான் செய்தார்கள்.” என் வாயில் சோள ரொட்டி இருந்ததால் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் ஒரே ஒரு மக்காச்சோள முத்துகூடக் கிடையாது. அது தெற்கு மெக்சிகோவில், சுமார் 9,000 வருடங்களுக்கு முன்னால், தியோசின்டே என்ற ஒரு காட்டுப் புல்லிலிருந்து அங்கிருந்த ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி விதைத்து உருவாக்கிய பயிர். ஐரோப்பியர்கள் அதைக் கண்ணால் பார்த்ததே 1492இல்தான்.

குழப்பம் ‘கார்ன்’ என்ற வார்த்தையில் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் கார்ன் என்றால் பொதுவாகத் தானியம். இங்கிலாந்தில் கோதுமை, ஸ்காட்லாந்தில் ஓட்ஸ். 1846இல் இங்கிலாந்து ரத்து செய்த ‘கார்ன் சட்டங்கள்’ முக்கியமாகக் கோதுமை விலையைப் பற்றியவை. அமெரிக்கா போனவர்கள் அங்கிருந்த பயிரை ‘இந்தியன் கார்ன்’ என்றார்கள் (இந்தியன் என்றால் இங்கே அமெரிக்கப் பழங்குடி). கொஞ்ச காலத்தில் இந்தியன் உதிர்ந்துவிட்டது, கார்ன் மட்டும் நின்றுவிட்டது. வார்த்தையில் மட்டுமா உதிர்ந்தது என்பதற்குக் கீழே வருகிறேன்.

சிரிக்காதீர்கள், நாமும் இதையேதான் செய்திருக்கிறோம். என் பாட்டிக்குச் சோளம் என்றால் வெள்ளைச்சோளம், சோளச்சோறு. என் மகளுக்குச் சோளம் என்றால் தியேட்டரில் விற்கிற பாப்கார்ன்.

ஐரோப்பாவில் அறுவடைச் சடங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. நன்றாகவே இருந்தது. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், வயலில் கடைசியாக மிஞ்சிய பிடிக் கதிரை அறுத்தவர் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து “கிடைத்தது!” என்று கத்துவார். “என்ன கிடைத்தது?” என்று மற்றவர்கள் கேட்பார்கள். “கழுத்து!” என்று பதில். அந்தக் கடைசிப் பிடியைப் பொம்மையாக முடைந்து குளிர்காலம் முழுக்க வீட்டில் வைத்திருப்பார்கள். அதன் பெயரும் ‘கார்ன் டாலி’தான், ஆனால் முடைவது கோதுமைத் தாளில். ஆகஸ்ட் 1ஆம் தேதி லாமஸ் அன்று புதுக் கோதுமையில் சுட்ட ரொட்டியைச் சர்ச்சுக்குக் கொண்டுபோய் மந்திரிப்பார்கள். ஆமாம், சர்ச்சுக்கு.

ஆனால் எட்டுப் பண்டிகைகளைக் கோத்த இந்தச் சக்கரம் புதுசு. இங்கிலாந்தில் சூனியச் சட்டம் 1951இல்தான் ரத்தானது. அதன்பிறகு ஜெரால்ட் கார்ட்னர் என்ற ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி வெளியே வந்து விக்காவைப் பரப்பினார். எட்டுப் பண்டிகை ஒழுங்காக அமைந்தது அந்த 1950களில். (கார்ட்னர் வாலிபத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்தவர். அந்தத் தோட்டங்களில் கொழுந்து கிள்ளியவர்கள் யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.) மேபன் என்ற பெயர் இன்னும் புதுசு. 1970களில் கலிஃபோர்னியாவில் ஏய்டன் கெல்லி என்பவர் வைத்தது. மேபன் ஒரு வேல்ஸ் கதையில் வருகிறவன், பிறந்த மூன்றாம் இரவே தாயிடமிருந்து திருடப்பட்டவன். இலையுதிர்காலத்துக்கும் அவனுக்கும் அந்தக் கதையில் ஒரு சம்பந்தமும் இல்லை.

புதுசு என்பதால் மட்டம் என்று நான் நினைக்கவில்லை. எல்லாச் சடங்கும் ஒரு நாள் யாரோ முதல் தடவை செய்ததுதான். ஐம்பது வருடம் மனதோடு செய்தால் அது அவர்கள் சடங்கு. என் சங்கடம் வேறு. அந்த மேசை நடுவில் இருந்த கதிருக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். ஐரோப்பிய முன்னோர் என்று சொன்ன நிமிடம் அவர்கள் மேசையிலிருந்து காணாமல் போய்விடுகிறார்கள்.

ஒஹாயோவிலேயே பாருங்கள். 1794 ஆகஸ்டில் ஜெனரல் ஆன்டனி வெய்ன் அமெரிக்கப் படையோடு மௌமி ஆற்றங்கரைக்கு வந்தார். ஷானி, மயாமி, டெலவேர் என்ற பழங்குடி மக்களின் ஊர்கள் அங்கே இருந்தன. கனடாவிலிருந்து ஃப்ளோரிடா வரை அமெரிக்காவில் எங்கேயும் இவ்வளவு பெரிய சோளக்கொல்லைகளைத் தான் கண்டதில்லை என்று அவரே கடிதம் எழுதினார். எழுதிவிட்டு அந்தக் கொல்லைகளை அழித்தார். 1830களில் ஷானிகளை மிசிசிப்பிக்கு அந்தப்பக்கம் துரத்தியாகிவிட்டது. நாங்கள் தோல் கொளுத்திய கொல்லைப்புறத்திலிருந்து மௌமி, காரில் ஒரு மணி நேரத் தூரம்.

தெற்கே மஸ்கோகி என்ற பழங்குடிகளுக்குப் பச்சைக் கதிர்த் திருவிழா உண்டு. அது முடியாமல் புதுக் கதிரை யாரும் வாயில் வைக்கக் கூடாது. பழைய நெருப்பை அணைத்து, புது நெருப்பு மூட்டி, கொலை தவிர மற்றக் குற்றங்களை மன்னித்து வருடத்தைத் தொடங்குவார்கள். விரட்டப்பட்டபோது அதில் ஒரு கூட்டம் ஊர் நெருப்பின் சாம்பலைச் சுமந்துகொண்டே ஓக்லஹோமா வரை நடந்தது. 1883இல் அரசாங்கம் பழங்குடிகளின் பல நடனங்களையும் சடங்குகளையும் குற்றப் பட்டியலில் சேர்த்தது. அவர்கள் மதத்துக்குப் பாதுகாப்பு என்று ஒரு சட்டம் வந்தது 1978இல். இங்கிலாந்தில் விட்ச் சுதந்திரமாக நடமாட ஆரம்பித்து 27 வருடம் கழித்து!

செரோக்கி என்ற இன்னொரு பழங்குடியின் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். செலு என்று ஒரு தாய். தினமும் கூடையோடு களஞ்சியத்துக்குப் போய்ச் சோளம் கொண்டுவருவாள். எங்கிருந்து வருகிறது என்று பையன்கள் சுவர் இடுக்கு மண்ணைப் பெயர்த்து எட்டிப் பார்த்தார்கள். அவள் வயிற்றைத் தேய்க்கிறாள், கூடையில் சோளம் கொட்டுகிறது. அம்மா சூனியக்காரி, இதைத் தின்றால் செத்துப்போவோம், இவளைக் கொன்றுவிட வேண்டியதுதான் என்று முடிவு கட்டுகிறார்கள். அவளுக்கு அது தெரிந்துவிடுகிறது. கோபப்படவில்லை. என்னைக் கொன்றதும் வீட்டின் முன்னால் பெரிய இடமாகச் சுத்தம் செய்து அதில் ஏழு சுற்று என்னை இழுத்துக்கொண்டு வாருங்கள், ராத்திரி விழித்திருங்கள், காலையில் சோளம் இருக்கும் என்கிறாள். சோம்பேறிகள், ஏழு சின்ன இடத்தை மட்டும் சுத்தம் செய்தார்கள். ரத்தம் விழுந்த இடத்தில் எல்லாம் சோளம் முளைத்தது. உலகம் முழுக்கச் சோளம் விளையாததற்குக் காரணம் அந்த ஏழு சின்ன இடம்தான் என்று கதை.

திங்கட்கிழமை மதியம் தோழியிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்சம் முகம் சுருங்கியது. “அப்போ நான் கோதுமை வைக்கணுமா?” என்றாள். கோதுமை வை, இல்லை சோளமே வை, ஆனால் அது யாருடையது என்று கும்பிடும்போது ஒரு வரி சொல், கதிரை அவர்கள் ஆட்களிடமே வாங்கு என்றேன். “நீ யார் அதைச் சொல்ல?” என்று கேட்டிருக்கலாம், நியாயமான கேள்வி. அவள் கேட்கவில்லை. ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, “அந்த அம்மாவை விட்ச் என்றா சொன்னார்கள்?” என்றாள்.

ஆமாம் என்றேன். அப்புறம் மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டது.