ஆசாரி போட்ட கோடு

கும்பகோணத்துக்குக் கிழக்கே, திருவிடைமருதூர் பக்கம் ஒரு கிராமம். ஓட்டு வீட்டின் பின்கட்டை இடித்துப் புதிதாக அடுப்படி கட்டுகிறார்கள். எட்டுக்குப் பத்து. பூச்சு இன்னும் காயவில்லை. கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டப்பாவின் மேல் பெரியம்மா உட்கார்ந்திருக்கிறார். காதில் பென்சில் செருகிய ஆசாரி சுவரோடு டேப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். சண்டை இவர்கள் இரண்டு பேருக்கும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சண்டைக்காரர்கள் அமெரிக்காவில், டல்லாஸில் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆசாரி: பெரியம்மா, இந்த மூலையில் என்ன வருகிறது? சொன்னால் கோடு போட்டுவிடுவேன்.

பெரியம்மா: அதுதானப்பா தெரியவில்லை. பையன் டபுள் ஓவன் என்கிறான். மருமகள் ரேஞ்ச் என்கிறாள். ஒருத்தருக்குத் தெரியாமல் ஒருத்தர் போன் பண்ணிச் சொல்கிறார்கள்.

ஆசாரி: நீங்கள் என்ன சொன்னீர்கள்?

பெரியம்மா: இரண்டு பேரிடமும் சரி என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு ஏற்கெனவே ஒரு ஏற்பாடும் செய்துவிட்டேன். "அத்தை, அந்த மூலையில் கண்டிப்பா ரேஞ்ச் வேணும்" என்றாள். செல்போன் சிக்னலுக்குக் கேட்கிறாளாக்கும் என்று மேஸ்திரியிடம் சொல்லி ஜன்னலைப் பெரிதாக வைத்துவிட்டேன்.

ஆசாரி: அடடா! அதனால்தான் அந்த ஜன்னல் அவ்வளவு பெரிதா? கோயில் தேரே உள்ளே வரும் போலிருக்கிறதே என்று நானும் யோசித்தேன்.

பெரியம்மா: சிரிக்காதே. நீ இதையெல்லாம் எங்காவது பார்த்திருக்கிறாயா?

ஆசாரி: தஞ்சாவூரில் ஒரு டாக்டர் வீட்டுக்கு மரவேலை செய்தேன். அங்கே பார்த்தது. டபுள் ஓவன் என்றால் உயரமான அலமாரிக்குள் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பெட்டி. அடுப்பு அதில் சேராது, அது தனியாக மேடையில் இருக்கும். ரேஞ்ச் என்றால் எல்லாம் ஒரே உடம்பு. மேலே நாலைந்து பர்னர், வயிற்றில் ஓவன். தரையிலேயே நிற்கும்.

பெரியம்மா: அட, இது நம் கொடியடுப்பு அல்லவா!

ஆசாரி: எது?

பெரியம்மா: என் மாமியார் வைத்திருந்தாரே, களிமண் அடுப்பு. விறகு வைக்க ஒரே வாய். அதன் மேல் வெண்கலப் பானையில் சோறு. தீ உள்ளே துளை வழியாகப் பக்கத்து அடுப்புக்குப் போகும். அதில் ரசத்தை வைத்தால் நுரை கட்டி அப்படியே நிற்கும், பொங்காது. ராத்திரி சாணி போட்டு மெழுகி, காலையில் மாக்கோலம் போட்டுத்தான் பற்றவைப்பார். மருமகள் அதைத்தான் கேட்கிறாளா? எனக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது.

(பதினோரு வருஷத்தில் இது முதல் தடவை. ஆசாரி அதைக் குறித்துக்கொள்ளவில்லை. நான் குறித்துக்கொண்டேன்.)

ஆசாரி: அப்போது ரேஞ்சுக்கே கோடு போட்டுவிடவா? பெரிய சைஸ் தொண்ணூறு சென்டிமீட்டர். மூன்றடி.

பெரியம்மா: போடு. இரு, இரு. ஓவன் வயிற்றில் என்றாயே, திறந்தால் கதவு எந்தப் பக்கம் போகும்?

ஆசாரி: முன்பக்கம் கீழே விழும். லாரியின் பின்கதவு மாதிரி.

பெரியம்மா: நான் மேலே சாம்பார் கிளறிக்கொண்டிருப்பேன். அவள் வந்து கேக்கைப் பார்க்கிறேன் என்று கதவைத் திறந்தால்?

ஆசாரி: உங்கள் முழங்காலில் இடிக்கும். சூடாக இருக்கும்.

பெரியம்மா: அப்போது நான் நகர்ந்து நிற்க வேண்டும்.

ஆசாரி: அவரோ நீங்களோ, யாராவது ஒருத்தர்.

பெரியம்மா: அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அதை அழி.

ஆசாரி: இன்னும் போடவே இல்லை பெரியம்மா.

பெரியம்மா: அப்புறம் தட்டை எடுக்கக் குனிய வேண்டும் வேறு. என் முட்டி இருக்கிற நிலைமைக்குக் குனிந்தால் கேக்கோடு அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டியதுதான். சரி, பையன் கேட்டதையே வைத்துவிடு.

ஆசாரி: டபுள் ஓவனில் கதவுத் தொல்லை இல்லை. அலமாரியை அடுப்புக்குத் தள்ளி எதிர்ச்சுவரில் வைத்துவிடலாம். அவர் அவர் பக்கம், நீங்கள் உங்கள் பக்கம்.

பெரியம்மா: நல்லது. அது என்ன, வீட்டுக்கு ஓர் ஓவன் போதாதா? எதற்கு இரண்டு?

ஆசாரி: இரண்டிலும் வேறு வேறு சூடு வைக்கலாமாம். ஒன்றில் 180 டிகிரி, இன்னொன்றில் 220.

பெரியம்மா: அவன் சொன்ன காரணம் வேறே. நவம்பரில் நாலாவது வியாழக்கிழமை அங்கே ஒரு பண்டிகை. முழு வான்கோழியை ஓவனில் வைத்தால் நாலு மணி நேரம் அது வெளியே வராதாம். அதற்குள் மற்ற பலகாரங்கள் வரிசையில் நிற்குமாம்.

ஆசாரி: நியாயம்தானே?

பெரியம்மா: என்ன நியாயம்? அவர்கள் இங்கே வருவது மார்கழியில் மூன்று வாரம். அந்த வியாழக்கிழமை இந்த வீட்டில் இருக்கப்போவது நான் ஒருத்திதான். நான் வியாழக்கிழமை கவுச்சியே தொட மாட்டேன்.

ஆசாரி: வான்கோழி பிழைத்தது. ஆனால் கரண்ட் விஷயம் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு ஓவனும் மூன்று கிலோவாட் வரைக்கும் இழுக்கும். தனித்தனியாக 16 ஆம்பியர் லைன் இழுக்க வேண்டும். முழுச் சூட்டில் ஒரு மணி நேரம் ஓடினால் ஒன்றுக்கு மூன்று யூனிட். சூடு ஏறியதும் விட்டு விட்டு எரியும், அதனால் அதற்குக் கீழேதான் வரும்.

பெரியம்மா: இரண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம் இருக்கிறதே.

ஆசாரி: ஃபேன், ஃபிரிட்ஜ், கிரைண்டர் எல்லாம் அந்த நூறுக்குள்தான் பெரியம்மா.

பெரியம்மா: சரி, நான் அதில் என்ன செய்வேன், சொல்லு. இட்லி வேகுமா?

ஆசாரி: வேகாது. அதற்கு ஆவி வேண்டும்.

பெரியம்மா: அதிரசம்?

ஆசாரி: எண்ணெய் வேண்டும்.

பெரியம்மா: கொத்சுக்குக் கத்திரிக்காய் சுடலாமா?

ஆசாரி: தாராளமாக. முக்கால் மணி நேரம் ஆகும்.

பெரியம்மா: அடுப்பில் நேராக வைத்தால் பத்து நிமிஷம். தோல் கருகி, தணல் வாசனையோடு வரும். அப்பளம்?

ஆசாரி: கிரில் போட்டால் சுடலாம்.

பெரியம்மா: அரை மா நிலத்துக் குறுவை வெள்ளாமைக் காசைக் கொட்டி அப்பளம் சுட வேண்டுமா? அதிலும் இரண்டு பெட்டி! ஒன்றில் உளுந்து அப்பளம், இன்னொன்றில் அரிசி அப்பளமா?

(செல்போனில் எதையோ தேய்த்துக்கொண்டிருந்த ஆசாரிக்கு முகம் மலர்கிறது. இந்த மாதிரி நேரத்தில் ஆண்களுக்கு முகம் மலர்ந்தால் செலவு கூடப்போகிறது என்று பொருள்.)

ஆசாரி: கவலையே வேண்டாம். இங்கே பாருங்கள். ரேஞ்சிலேயே இரண்டு ஓவன் வைத்து வருகிறது. அண்ணன் கேட்டதும் ஆச்சு, அண்ணி கேட்டதும் ஆச்சு.

பெரியம்மா: எத்தனை அகலம்?

ஆசாரி: நாற்பத்தெட்டு அங்குலம். நாலடி.

பெரியம்மா: பத்தடிச் சுவரில் நாலடியை அது எடுத்துக்கொண்டால், கழுவும் தொட்டி ஒருபக்கம், ஃபிரிட்ஜ் ஒருபக்கம் போக நான் எங்கே நின்று காய் நறுக்குவது? அந்த ஜன்னலிலா?

ஆசாரி: ஜன்னலில் இடம் இருக்கிறது.

பெரியம்மா: வாயை மூடு. அலமாரிக் கணக்கைச் சொல்லு. இரண்டு பெட்டியும் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் வரும்?

ஆசாரி: ஒவ்வொன்றும் இரண்டடி உயரம். அடியில் ஓர் அடி விட்டால் கீழ்ப்பெட்டி ஒன்றிலிருந்து மூன்றடிக்குள். மேல்பெட்டி மூன்றிலிருந்து ஐந்தடிக்குள்.

(பெரியம்மா எழுந்து சுவரை ஒட்டி நிற்கிறார். ஆசாரி டேப்பை உச்சந்தலைக்குக் கொண்டுபோகிறார். நாலடி ஒன்பது அங்குலம். கொண்டையோடு.)

பெரியம்மா: அப்போது கீழே உள்ளதற்கு நான் குனிய வேண்டும். மேலே உள்ளதைத் திறந்தால் அனல் நேராக மூஞ்சியில் அடிக்கும். இரண்டில் ஒன்றுகூட எனக்கு எட்டுகிற இடத்தில் இல்லையே!

ஆசாரி: ஒன்றே ஒன்று வைத்தால் சரியாக வரும். இரண்டரை அடியில் ஆரம்பித்தால் குனியவும் வேண்டாம், எக்கவும் வேண்டாம். தட்டு உங்கள் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வரும். அடுப்பு வழக்கம்போல் மேடையில்.

பெரியம்மா: ஒன்று வைத்தால் பையன் மூஞ்சியைத் தூக்குவான். கோடு போட்டதும் வீடியோவில் காட்டச் சொல்லியிருக்கிறான். மருமகளுக்கு ஜன்னலைக் காட்டிச் சமாளித்துக்கொள்வேன்.

ஆசாரி: கீழே இரண்டரை அடி சும்மாதானே கிடக்கும்? இழுப்பறை செய்துவிடட்டுமா?

பெரியம்மா: இழுப்பறை வேண்டாம். கொல்லைத் தேங்காய் போட இடம் இல்லாமல் கூடத்தில் உருண்டுகொண்டிருக்கிறது. ஒரு பெட்டி மாதிரி அடித்துக் கதவு வை. மேலே உள்ளதற்கு இருக்கிற மாதிரியே.

ஆசாரி: அதே மாதிரி என்றால்?

பெரியம்மா: கறுப்புக் கண்ணாடி. குறுக்கே வெள்ளிக் கைப்பிடி. டல்லாஸிலிருந்து பார்த்தால் இரண்டு தெரிய வேண்டும்.

ஆசாரி: (பென்சிலைக் காதிலிருந்து எடுத்தபடி) நிஜ ஓவனில் உள்ளே விளக்கு எரியும் பெரியம்மா.

பெரியம்மா: அதையும் போடு. எத்தனை தேங்காய் மிச்சம் இருக்கிறது என்று எனக்கும் தெரியும்.