ஓடுனா ஜாம்பி இல்லையாம்

நேத்து அந்த கமெண்ட் கூத்தைப் பாத்தவங்களுக்கு விஷயம் தெரியும், பாக்காதவங்க தப்பிச்சீங்க. ஓடுற ஜாம்பி, அதான் சினிமால வர்ற நடைப்பிணம், அதைப் பத்தி ஒருத்தி ரசிச்சு எழுதியிருந்தா. "ஓடுறதெல்லாம் ஜாம்பியே கிடையாது, மெதுவா, அறிவில்லாம வர்றதுதான் ஜாம்பி, பேசிக் கூட தெரியாம எழுத வந்துடுறாங்க"ன்னு ஒரு அண்ணன் தீர்ப்பு சொல்ல, கீழ வரிசையா சிரிப்பு ஸ்மைலி. அதுல என் ஃப்ரெண்ட்லிஸ்ட் ஆளுங்களும் உண்டு, பாத்தேன்.

சரிங்கண்ணா, பேசிக்லேர்ந்தே வருவோம். 1932ல வந்த வொயிட் ஜாம்பில அதுங்க யாரையும் கடிக்கவே கடிக்காது. ஹைட்டில ஒரு சர்க்கரை ஆலைல வசியம் பண்ணி வேலை வாங்குற கூலிங்க அவ்ளோதான், ஒருத்தன் அரவைக்குள்ள விழுறான், மத்தவன்லாம் திரும்பிக்கூட பாக்காம செக்கைத் தள்ளிக்கிட்டே இருக்கான், அந்தப் படத்துல பயமே அதுதான். அப்ப கடிக்கிற ஜாம்பியும் டூப்ளிகேட்டா?

1968ல நைட் ஆஃப் த லிவிங் டெட்ல டைரக்டர் ரொமேரோதான் பொணத்தை மனுஷக்கறி திங்க வெச்சார், நீங்க கும்பிடுற படம். அதுல முதல்ல கல்லறைல வர்றவன் அந்தப் பொண்ணை எவ்ளோ வேகமா விரட்டுறான், கல்லை எடுத்து கார் கண்ணாடிய உடைக்கிறான்! 'மெதுவா, அறிவில்லாம'ங்கிற உங்க ரூல் அங்கயே காலி. கடி படணும்னுகூட அவசியமில்ல, புதுசா செத்தவன் எவனா இருந்தாலும் எந்திரிப்பான். மூளைக்கு அலையறது 1985ல ரிட்டர்ன் ஆஃப் த லிவிங் டெட்ல வந்தது, அதுங்க ஓடும், பேசும், ஆம்புலன்ஸ் ரேடியோவ எடுத்து இன்னும் ஆள் அனுப்புன்னு ஆர்டர் வேற போடும். இதுல எந்த ஜாம்பிக்கு நீங்க சர்டிபிகேட் குடுத்தீங்க?

நான் முதல்ல பயந்தது 28 டேஸ் லேட்டர் படத்துல, அதுலயும் ஓடித்தான் வரும். அந்த சர்ச் சீன், ஹீரோ ஹலோன்னு ஒரு சத்தம் குடுப்பான், பொணக் குவியல்லேர்ந்து ரெண்டு தலை சட்டுனு நிமிரும். பக்கத்துல இருந்த அக்கா என் கையைப் புடிச்ச புடில நகம் பதிஞ்சிடுச்சு, அப்புறம் ஒரு வாரம் நான் பாத்ரூம் போனா அவ வெளிய நிக்கணும். மெதுவா வர்றதுகிட்ட கதவைச் சாத்திக்க நேரம் இருக்கு, ஓடி வர்றதுகிட்ட அது இல்ல, பயம் வேற மாதிரி.

"அந்தப் படத்துல வைரஸ் புடிச்ச ஆளுங்க, அவங்க சாகவே இல்லயே"ம்பீங்க. கரெக்ட், அதான் கடைசில பட்டினில சாகுறாங்க, வெச்சுக்கோங்க உங்க பாயிண்ட்டை. 2004 டான் ஆஃப் த டெட்ல செத்ததுங்கதானே ஓடுது? செத்த ஒடம்பு எப்படி ஓடும்னு சயின்ஸ் கேக்குறவங்க, செத்த ஒடம்பு எப்படி நடக்குதுன்னு மட்டும் ஏன் கேக்கல?

எனக்கு ஜாம்பிகூட பிரச்சனை இல்லங்க. ரசிச்சு எழுதுன ஒருத்தியை நாலு பேர் முன்னாடி மட்டம் தட்டுறதுல என்ன கிடைக்குது? நீங்க முன்னாடியே பாத்துட்டீங்க, சந்தோஷம், அதுக்காக பின்னாடி வர்றவங்க வாயைத் தொறக்கக் கூடாதா? தெரியலேன்னா சொல்லிக் குடுக்கலாம்ல. இதுல நான் பதில் டைப் பண்ணிட்டு இருக்கும்போதே கமெண்ட்டை ஆஃப் பண்ணிட்டீங்க. இங்க தொறந்துதான் இருக்கு, வாங்க. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து குரூப்ல போட்டு சிரிக்கிறதுக்கு முன்னாடி அந்தக் கல்லறை சீனை மட்டும் ஒருவாட்டி போட்டுப் பாத்துடுங்க.