பேருந்து ஓடாது, பள்ளி உண்டு

கமலா: மாமா, நீங்கள் பள்ளிப் பேருந்தை எடுக்காமல் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, இத்தனை பிள்ளைகளின் படிப்பையும் ஒரே காலையில் நிறுத்திவிட்டீர்களே, இது நியாயமா?

சுந்தரம்: பேருந்தை நிறுத்துவது ஓட்டுநரின் கையில் இல்லை அம்மா. விடிவதற்கு முன்பே சாலைகளின் நிலையை விசாரித்து, வானிலை அறிக்கையையும் பார்த்துவிட்டு மேலிடத்தில்தான் முடிவெடுக்கிறார்கள். உனக்கு வந்த அதே குறுஞ்செய்திதான் எனக்கும் வந்தது.

கமலா: அது எப்போது வந்தது? மதிய உணவைக் கட்டி, அவனைக் கெஞ்சிக் கொஞ்சி இரண்டு அடுக்குக் காலுறைகளை மாட்டிவிட்ட பிறகு வந்தது. சன்னல் வழியே பார்த்தால் சாலையில் ஒரு கைப்பிடிப் பனிகூட இல்லை. கன்னங்கரேலென்று சுத்தமாகக் கிடக்கிறது.

சுந்தரம்: அந்தக் கறுப்புதான் ஆபத்து. நேற்று மாலை மழையாகப் பெய்தது இரவில் அப்படியே உறைந்துபோயிருக்கிறது. மெல்லிய பனிக்கட்டிப் படலத்தின் வழியே தாரின் நிறம் தெரிவதால், வெறும் ஈரம்தானே என்று நம்பித்தான் எல்லாரும் வண்டியை விடுகிறார்கள். புதிதாக விழுந்த வெள்ளைப் பனியில் சக்கரம் கொஞ்சமாவது பிடிக்கும், இதில் பிடிக்காது.

கமலா: உப்பு தூவும் வண்டி இரவெல்லாம் என் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு போனதே, அது எதற்காக?

சுந்தரம்: மைனஸ் 9 பாகை செல்சியசுக்குக் கீழே போய்விட்டால் சாதாரண உப்பு பனிக்கட்டியை அவ்வளவாக உருக்காது. இன்று காலை மைனஸ் 18. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்றும் சேர்ந்தால், அது உடம்புக்கு மைனஸ் 30 போல இருக்கும். அந்தக் குளிரில் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறைந்துவிடக்கூடும். பேருந்து தாமதமானால், நிறுத்தத்தில் நிற்கும் பிள்ளையின் காது என்ன ஆகும்?

கமலா: அந்தக் காது இப்போது எங்கே இருக்கிறது தெரியுமா? நான் உள்ளே இழுத்துவர இழுத்துவர, தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டுக் கொல்லைப்புறப் பனிக்குவியலில் சறுக்கிக்கொண்டிருக்கிறது.

சுந்தரம்: அப்படியென்றால் பள்ளிக்கே அனுப்பியிருக்கலாமே?

கமலா: மூடிக்கிடக்கும் பள்ளிக்கு எப்படி அனுப்புவது?

சுந்தரம்: பள்ளி எங்கே மூடியது? பேருந்துதான் ஓடவில்லை. 'பேருந்துகள் இயங்கா. பள்ளிகள் திறந்திருக்கும். பிள்ளைகளை அனுப்புவது பெற்றோரின் முடிவுக்கு விடப்படுகிறது.' இரண்டாவது வரியை நீ படிக்கவில்லையா?

கமலா: முதல் வரியிலேயே தலையில் இடி விழுந்தவளுக்கு இரண்டாவது வரி எப்படி மாமா கண்ணில் படும்? அப்படியானால், மேலாளரின் காலில் விழாத குறையாக நான் வாங்கிய அரைநாள் விடுப்பு?

சுந்தரம்: வீண்தான். நீயே காரில் கொண்டுபோய் விட்டிருக்கலாம்.

கமலா: எந்தச் சாலையில்?

சுந்தரம்: அதே சாலையில்தான்.

கமலா: தனிப் பயிற்சியும் தனி உரிமமும் பெற்று, இத்தனை ஆண்டுகளாகப் பேருந்து ஓட்டும் நீங்கள் ஓட்டக்கூடாத சாலையில், கதவைத் திறப்பதற்கே பனிக்கட்டியைச் சுரண்ட வேண்டிய என் பழைய காரில், எட்டு வயதுப் பிள்ளையைப் பின்னிருக்கையில் வைத்துக்கொண்டு நான் ஓட்டலாம். அப்படித்தானே?

சுந்தரம்: அது பெற்றோரின் முடிவுக்கு விடப்படுகிறது.

கமலா: மதியத்துக்குள் சாலை சரியாகிவிட்டால், மாலையில் நீங்கள் கொண்டுவந்து விடுவீர்களா?

சுந்தரம்: காலையில் ரத்தான பேருந்து மாலையிலும் ஓடாது. கொண்டுபோய் விட்டவரே போய் அழைத்துவர வேண்டும்.

கமலா: வேலையைப் பாதியில் போட்டுவிட்டா?

சுந்தரம்: அதுவும் பெற்றோரின் முடிவுக்குத்தான்...

கமலா: சரி, போய்ச் சேர்ந்த பிள்ளைகளாவது ஏதேனும் படிக்கிறார்களா?

சுந்தரம்: வகுப்புக்கு நாலைந்து பேர்தான் வந்திருப்பார்கள். வராதவர்களுக்காக மறுபடி நடத்த வேண்டியிருக்குமே என்று ஆசிரியர் புதுப் பாடத்தைத் தொடமாட்டார். எல்லாரையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் படம் போட்டுவிடுவார்கள். எந்தப் படம் என்பது...

கமலா: அது மட்டும் பெற்றோரின் முடிவுக்கு விடப்படாது!

சுந்தரம்: பிள்ளைகளின் பாதுகாப்புக்காகத்தானே அம்மா இவ்வளவும்?

கமலா: பாதுகாப்பு வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? வழுக்குகிறது என்று சொல்லி அவர்கள் பேருந்தை நிறுத்தினால் அது பொறுப்புணர்ச்சி. அதே வழுக்கலைச் சொல்லி நான் வேலைக்கு வரமுடியாது என்றால் அது பொறுப்பின்மை. மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு வேலை பார்ப்பவர்களுக்கு இது பனி கொட்டும் அழகான நாளாக இருக்கலாம். நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவரைக் காணொளியில் குளிப்பாட்ட முடியுமா? மதியம் கட்டாயம் வந்துவிட வேண்டும் என்று மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார். அந்த நேரத்துக்குள் பனிக்கட்டி உருகவேண்டும் என்று யாரும் அதற்கு உத்தரவு போடவில்லை.

(சுந்தரம் பதில் சொல்லவில்லை. அவரிடம் இருந்தது ஒரே ஒரு வரி. அதை அவர் ஏற்கெனவே செலவழித்துவிட்டார்.)

கமலா: போகட்டும், உங்களுக்குத்தான் இன்று ஓட்டமில்லையே. மதியத்திலிருந்து இவனைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்களேன்.

சுந்தரம்: அதில்தான் சிக்கல். என் மகள் விடிந்ததும் பேத்தியைக் கொண்டுவந்து விட்டுவிட்டாள். பிறகு எதிர்வீட்டு இரட்டையர்கள் வந்தார்கள். மாடிவீட்டுப் பையன் கைபேசிக்கு மின்னூட்ட வந்தவன், இன்னும் போகவில்லை.

கமலா: அப்படியானால் உங்கள் பேருந்து ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, மாமா.

சுந்தரம்: நிறுத்தம் இல்லாமல் ஓடுகிறது. பேருந்தில் இவர்களுக்கு என் முதுகு மட்டும்தான் தெரியும். அதனால் ஓரளவு பயந்தார்கள். இன்று முகத்தையும் பார்த்துவிட்டார்கள், பயம் போய்விட்டது.

கமலா: இன்னும் ஓர் இருக்கை இருக்குமா?

சுந்தரம்: அனுப்பு. காலணியை வாசலிலேயே கழற்றச் சொல். பனி உருகிக் கூடமெல்லாம் தண்ணீர், ஒருவன் ஏற்கெனவே வழுக்கி விழுந்தாகிவிட்டது.

கமலா: உப்பைத் தூவிப் பாருங்கள் மாமா. வீட்டுக்குள் இன்னும் மைனஸ் 9 ஆகியிருக்காது.